நிலத்தை வகுத்தலும் மாற்றத்தை அளத்தலும்

உலகத்தைக் குறித்தற்குத் தமிழர் வழங்கிய பெயர்களுள் நானிலம் என்பதும் ஒன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என நிலத்தை நான்காக வகுத்துக் கண்ட தொல்காப்பியர், பாலைத் திணைக்குத் தனியே நிலம் வகுத்தாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையினாலே தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலையின் வடிவத்தைக் கொள்ளும் என்பது இளங்கோவடிகள் தந்த விளக்கம். நிலம் நான்கே எனக் கொண்டவர்க்குப் பாலை ஒரு மாற்றம். ஐந்து எனக் கொண்டவர்க்கு அது ஒரு நிலம். மண்ணும் மரமும் அவ்விடத்தில் இருந்தபடியே இருக்கின்றன. வகுத்தவரின் எண்ணிக்கை மாறியதும் மாற்றம் எது, மாறாதது எது என்னும் தீர்ப்பும் மாறிவிடுகின்றது.

இன்று நிலப்பயன்பாட்டு மாற்றத்தை ஆராய்வோர் கணினியின் துணைகொண்டு மாதிரியுருக்களை அமைக்கின்றனர். முற்காலத்துத் தேசப்படம் ஒன்றையும் பிற்காலத்துத் தேசப்படம் ஒன்றையும் ஒப்பிட்டு, எவ்விடத்துக் காடு வயலாயிற்று, எவ்விடத்து வயல் குடியிருப்பாயிற்று எனக் கண்டு, இனி வருங்காலத்தில் எவ்வெவ்விடம் எவ்வெவ்வாறு மாறும் எனக் கணித்துரைப்பது அவர்தம் பணி. அக்கணிப்பின் துல்லியம் நூற்றுக்கு இத்தனை வீதம் என ஓர் எண்ணும் உடன் தரப்படும். அவ்வெண்ணைக் கண்டவுடன் தலைவணங்குவது நம் இயல்பு. அவ்வெண் எவ்வாறு பிறக்கின்றது, அதன் பின்னே நிற்கும் வகுப்பு யாது, அவ்வகுப்பை யார் எதன்பொருட்டுத் தெரிந்தனர் என்பவற்றை வரலாற்று வழியிலே ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சியில் எம்மைச் செலுத்தியது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவரை மூன்று குழுக்களாகப் பிரித்து, பாடசாலைக்கு அணித்தேயுள்ள ஒரு கிராமத்தின் நிலப்பயன்பாட்டைப் படத்திற் குறித்து வருமாறு பணித்தோம். வயலிலும் தோட்டத்திலும் அவர்களுக்குள் வேறுபாடு எழவில்லை. பனைகள் நிறைந்து, அடியிலே புல் வளர்ந்து, மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த ஒரு காணியிலேதான் பூசல் எழுந்தது. ஒரு குழு அதனைக் காடு என்றது; மற்றொன்று மேய்ச்சல் நிலம் என்றது; மூன்றாவது குழு, ஓலையும் கிழங்கும் பனாட்டும் தருவதாகலின் அது பயிர்நிலமே என்றது. காணிக்காரரைக் கேட்டபோது அவர், "இது எங்கடை வளவு, தம்பி" என்று கூறி முடித்தார். மூன்று படங்களும் உண்மையானவை. எனினும் அவற்றைக் கூட்டிப் பார்த்தபோது அக்கிராமத்தின் காட்டுப் பரப்பு மூன்று வேறு எண்களாக நின்றது.

ஸ்ராம்பின் பேரளவை

நிலப்பயன்பாட்டை ஒரு நாடு முழுவதற்கும் வயல் வயலாக நடந்து கண்டு படமாக்கிய முதற்பெரு முயற்சி பிரித்தானியாவில் நிகழ்ந்தது. 1930ஆம் ஆண்டில் இலண்டன் பொருளியற் கல்லூரியை நிலைக்களமாகக் கொண்டு டட்லி ஸ்ராம்ப் என்னும் புவியியலாளர் அதனைத் தொடக்கினார். 1898இற் பிறந்த இவர், இளமையிலே இரங்கூன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக இருந்தவர். ஆசிய நாடுகளைப் பற்றி இவர் எழுதிய நூல்கள் நம் நாட்டு மாணவரும் பயின்றவை. வெளிவாரிப் பட்டத்துக்கு யாம் படித்த காலத்தில் இவ்வளவையைப் பற்றி வாசித்தறிந்தபோது எமக்கு வியப்பூட்டியது ஒன்றுண்டு. அளவை செய்தவர்களிற் பெரும்பாலார் அரசாங்க நில அளவையாளரல்லர். பாடசாலை மாணவரும் அவர்தம் ஆசிரியருமே ஆவர். நோதாம்ரன்சயர்ப் பகுதியின் பாடசாலைகள் 1920களிலே இத்தகைய முயற்சி ஒன்றில் ஈடுபட்டமை ஸ்ராம்புக்கு முன்மாதிரியாயிற்று.

ஒரு மைலை ஆறங்குலமாகக் காட்டும் படத்தைக் கையிலேந்திச் சென்ற சிறுவர், ஒவ்வொரு வயலின் மேலும் ஓர் எழுத்தைப் பொறித்தனர். காடு, புற்றரை, உழுநிலம், புதரும் கரம்பும் நிறைந்த நிலம், தோட்டம், வேளாண்மைக்கு உதவாத நிலம், நீர்நிலை என வகுப்புகள் ஏழே. பின்னர் ஓரங்குலப் படங்களில் இவை முறையே கரும்பச்சை, இளம்பச்சை, கபிலம், மஞ்சள், ஊதா, சிவப்பு, நீலம் என்னும் நிறங்களிலே வெளியிடப்பெற்றன. களப்பணியின் பெரும்பகுதி 1931 முதல் 1934 வரையிலான ஆண்டுகளில் நிறைவேறிற்று.

வகுப்புகள் ஏழாகச் சுருங்கியதற்குக் காரணம் வெளிப்படை. பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஐயமின்றிக் கண்டறியக்கூடியனவாக அவை இருத்தல் வேண்டும். கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் இடையே தடுமாறும் சிறுவன் இரண்டையும் உழுநிலம் எனக் குறிப்பதில் தவறான். வகுப்புகளைக் குறைத்தால் துல்லியம் உயரும் என்னும் உண்மையை ஸ்ராம்ப் நன்கறிந்திருந்தார். அதற்கு அவர் கொடுத்த விலையும் உண்டு. அவ்விலையை இரண்டு சான்றுகளாற் காட்டலாம்.

முதலாவது, புல்லைப் பற்றியது. ஆங்கிலக் குடியானவர் பயிர்ச்சுழற்சியின்பொருட்டு உழுநிலத்திலே சில ஆண்டுகளுக்குப் புல் விதைப்பதுண்டு. அந்நிலம் உழுநிலமாகவே கொள்ளப்படல் வேண்டும் என்பது விதி. ஆனால் வேலிக்கு வெளியே நின்று நோக்கும் மாணவனுக்கு நிலையான புற்றரையும் சுழற்சிப் புல்லும் ஒரே பச்சையாகத்தான் தோன்றும். நிலத்தின் தோற்றத்தை எழுதுவதா, நிலத்துக்கு உடையவன் கருதிய பயனை எழுதுவதா என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது.

இரண்டாவது, வீட்டைப் பற்றியது. வேளாண்மைக்கு உதவாத நிலம் என்னும் சிவப்பு வகுப்பிலே ஆலைகளும் முற்றங்களும் நெருங்கிய கட்டடங்களும் அடங்கின. காய்கறியோ பூவோ வளர்த்தற்குப் போதிய தோட்டமுடைய வீடுகள் ஊதா நிறம் பெற்றுப் பழத்தோட்டங்களோடு ஒரே வகுப்பில் நின்றன. இரு போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் ஆங்கில நகரங்கள் விரிந்ததோ, பெரும்பாலும் இத்தகைய தோட்ட வீடுகளாலே. ஆகவே சிவப்பை மட்டும் அளந்து நகரத்தின் பரப்பைக் காண முயல்வோன் நகரத்தின் ஒரு பெரும் பகுதியைப் பழத்தோட்டமாக எண்ணிவிடுவான்.

அளவை நடந்த காலமும் கருதத்தக்கது. அது வேளாண்மை நலிவுற்றிருந்த காலம். தானிய விலை வீழ்ந்தமையால் உழுநிலங்கள் பல புற்றரையாக விடப்பட்டிருந்தன. 1939இல் போர் மூண்டதும் நிலைமை தலைகீழாயிற்று. உணவுக் கப்பல்கள் கடலில் அமிழ்த்தப்பட, அரசாங்கம் புற்றரைகளை உழுவித்தது. ஸ்ராம்பின் படங்கள் எந்தப் புல்லை உழலாம் எனத் தெரிந்தெடுத்தற்கு அப்பொழுது பெரிதும் பயன்பட்டன. 1939க்கும் 1944க்கும் இடையில் நாட்டின் உழுநிலப் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. 1930களின் போக்கைக் கண்டு எதிர்காலத்தைக் கணித்த ஒருவன், உழுநிலம் மேலும் குறையும் என்றே கூறியிருப்பான். தொடக்க ஆண்டு யாது என்பதும் ஒரு தெரிவே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இரண்டாவது அளவையும் எழுந்த பூசலும்

1960இல் அலிஸ் கோல்மன் என்னும் பெண்மணியார் பிரித்தானியாவின் இரண்டாவது நிலப்பயன்பாட்டு அளவையைத் தொடக்கினார். தொண்டர்களே இதனையும் செய்தனர். ஆனால் ஏழு வகுப்புகள் நின்ற இடத்தில் இப்பொழுது அறுபதுக்கு மேற்பட்ட வகுப்புகள் நின்றன. செறிவான செய்தி கிடைத்தது. எனினும் முதலாவது அளவையோடு இதனை ஒப்பிடுவதற்கு அறுபதையும் மீண்டும் ஏழாக மடக்க வேண்டியதாயிற்று. எந்த வகுப்பை எந்த வகுப்பினுள் மடக்குவது என்பது கருத்து வேறுபாட்டுக்கு இடமாயிற்று.

1970களிலே நகர விரிவால் வேளாண் நிலம் பேரழிவுறுகின்றது எனக் கோல்மன் எச்சரித்தார். றொபின் பெஸ்ற் என்னும் மற்றோர் ஆராய்ச்சியாளர், அவ்வச்சம் மிகைப்பட்டது எனத் தம் கணக்குகளைக் காட்டி மறுத்தார். இருவரும் நேர்மையான அறிஞர். இருவரும் ஒரே நாட்டை ஆராய்ந்தனர். நகரம் என்பதற்கு எல்லை யாது, வெறுமையாகக் கிடக்கும் நிலம் யார் கணக்கில் வரும் என்பவற்றில் அவர்கள் ஒன்றுபடவில்லை. இப்பூசல் ஏட்டளவில் நின்றுவிடும் ஒன்றன்று. வீடில்லாதார்க்கு வீடு கட்ட நிலம் விடுவதா, உணவுக்கென அதனைக் காப்பதா என்னும் அரச கொள்கை அவ்வெண்களையே பற்றி நின்றது.

வானிலிருந்து நோக்கியமை

1972ஆம் ஆண்டு யூலை 23ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா பின்னர் லான்ட்சற் எனப் பெயர்பெற்ற செய்மதிகளில் முதலாவதை விண்ணிற் செலுத்திற்று. நடந்து கண்ட நிலத்தை இனிப் பறந்து காணும் காலம் பிறந்தது. கோடிக்கணக்கான சிறு கட்டங்களாக வந்துசேரும் ஒளிப்பதிவுகளை எவ்வாறு வகுப்பது? அந்நாட்டுப் புவிச்சரிதவியல் அளவைப் பகுதியைச் சேர்ந்த ஜேம்ஸ் அன்டர்சனும் அவரொடு மூவரும் 1976இல் ஒரு வகுப்புமுறையை வெளியிட்டனர். நகர நிலம், வேளாண் நிலம், மேய்ச்சற் பரப்பு, காடு, நீர், ஈரநிலம், வெறுநிலம், துந்திரம், நிலைத்த பனி என முதற்படியில் ஒன்பது வகுப்புகள். அவற்றின் கீழே உட்பிரிவுகள். தூரத்திலிருந்து நோக்குங்கால் முதற்படியையும், அணுகி நோக்குங்கால் அடுத்த படிகளையும் பயன்படுத்தலாம் என்பது அவர்தம் கருத்து. ஆழ்ந்த சிந்தனை இதில் அமைந்திருந்தது. கண்ணின் கூர்மைக்கு ஏற்ப வகுப்பின் நுண்மையும் அமைதல் வேண்டும் என்னும் நெறி அது.

வகுத்தலிலே நூற்றுக்கு 85 வீதமேனும் துல்லியம் இருத்தல் வேண்டும் என அவர்கள் விதித்தனர். அவ்வெண் பின்னர் உலகெங்கும் பரவி, ஏறக்குறைய ஒரு தேர்வின் சித்திப் புள்ளிபோல வழங்கலாயிற்று. அதே நூலில் அமைந்த மற்றொரு விதியைப் பலர் கவனிப்பதில்லை. மரம் வெட்டப்பட்டு வெறுமையாகக் கிடக்கும் நிலமும், வேறு பயனுக்கு மாற்றப்படாதவரை, காடு என்னும் வகுப்பிலேயே நிற்கும் என்பது அது. மீண்டும் மரம் வளர்க்கும் கருத்து இருப்பதால் அவ்வாறு கொண்டனர். நிலத்தை மூடியிருப்பதும் நிலத்தின் பயன்பாடும் வெவ்வேறு என்பதை இவ்விதி உணர்த்துகின்றது. செய்மதியின் கண்ணுக்கு மூடாக்கு மட்டுமே தெரியும். மனிதன் மனத்திலுள்ள பயன் அதற்குத் தெரியாது.

வகுப்போடு அளவும் ஒரு தெரிவாகும். ஐரோப்பிய நாடுகள் 1985இல் தொடக்கிய கொறின் திட்டத்தின் நிலமூடாக்குப் படம் 44 வகுப்புகளை உடையது. அதிற் காட்டப்படும் மிகச் சிறிய பரப்பு 25 எக்டேயர். பதினாறு பரப்புக் கொண்டது ஓர் ஏக்கர் என்னும் நம் கணக்கிலே இது ஏறக்குறைய ஆயிரம் பரப்பாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டை அவ்வளவையாற் படமாக்கினால், வெங்காயத் தோட்டமும் புகையிலைத் தோட்டமும் கலட்டியும் பனங்காணியும் வீட்டு வளவும் ஒன்றுள் ஒன்று மறைந்து போகும். ஒரு சிறு தோட்டக்காரனின் வாழ்வு முழுவதும் அப்படத்தின் ஒரு புள்ளிக்கும் போதாது.

மாதிரியுருக்களின் வரவு

நிலப்பயன்பாட்டுக்கு மாதிரியுரு அமைக்கும் எண்ணம் கணினிக்கு முற்பட்டது. 1826இல் யோகான் கைன்றிக் வொன் தூனன் என்னும் செருமானியப் பண்ணையாளர், தனித்து நிற்கும் ஒரு நகரத்தைக் கற்பித்து, அதனைச் சூழ எப்பயிர் எவ்வளவு தொலைவில் விளையும் என வளையங்களாக வகுத்துக் காட்டினார். சந்தைக்குக் கொண்டுசெல்லும் செலவே நிலத்தின் பயனை நிச்சயிக்கும் என்பது அவர் கொள்கை.

1913இல் அந்திரே மார்க்கோவ் என்னும் உருசியக் கணித அறிஞர் புஷ்கினுடைய காவியம் ஒன்றிலிருந்து 20,000 எழுத்துக்களை எடுத்து, உயிருக்குப் பின் மெய் எத்தனை முறை வருகின்றது, மெய்க்குப் பின் உயிர் எத்தனை முறை வருகின்றது என எண்ணினார். ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குச் செல்லும் நிகழ்தகவை இவ்வாறு கணிக்கும் முறையைப் பின்வந்தோர் நிலத்துக்கு ஏற்றினர். இன்று காடாக உள்ளது நாளை வயலாதற்கு நிகழ்தகவு யாது என வினவினர். 1970இல் வால்டோ ரொப்ளர் என்பார் தெற்றோயிற் நகரத்தின் வளர்ச்சியைக் கணினியாற் படிப்படியாகக் காட்டினார். இவ்வழியிலே இன்றைய மாதிரியுருக்கள் வளர்ந்தன.

ஈண்டு ஒரு வேறுபாட்டை நோக்குக. உயிரெழுத்து இது, மெய்யெழுத்து இது என்பதில் மார்க்கோவுக்கு ஐயமில்லை. இலக்கணம் அதனை முன்னரே வரையறுத்துவிட்டது. காடு எது, வயல் எது என்பதற்கு அத்தகைய இலக்கணம் இல்லை. எழுத்துக்கு ஏற்ற கணக்கை நிலத்துக்கு ஏற்றியவர், எழுத்தின் உறுதியையும் நிலத்துக்கு உண்டெனக் கொண்டுவிட்டனர்.

துல்லியம் என்னும் எண்

இனித் துல்லியத்தைக் கணக்காற் காண்போம். ஒரு கிராமத்தில் 100 காணிகள் உள எனக் கொள்வோம். பத்தாண்டில் அவற்றுள் 5 காணிகள் வயலிலிருந்து குடியிருப்பாக மாறின. ஒருவன் யாதும் ஆராயாமல், "எதுவும் மாறாது" எனக் கணிக்கின்றான். 95 காணிகளில் அவன் கூற்று மெய்யாகின்றது; அவன் துல்லியம் நூற்றுக்கு 95 வீதம். மற்றொருவன் அரிதின் உழைத்து, எந்த 5 காணிகள் மாறும் எனக் கணிக்கின்றான். 2 காணிகளில் அவன் கணிப்பு மெய்யாயிற்று; 3 காணிகள் மாறும் என்றவை மாறவில்லை; 3 காணிகள் அவன் கூறாமலே மாறின. அவன் பிழை 6; துல்லியம் 94 வீதம். உழைத்தவனைச் சோம்பேறி வென்றுவிட்டான். நிலத்தின் பெரும்பகுதி எக்காலத்தும் மாறாது கிடப்பதால், மொத்தத் துல்லியம் என்னும் எண் மாற்றத்தை அறியும் திறமையைக் காட்டுவதில்லை என்பது இதனால் விளங்கும். மாற்றத்தோடு தொடர்புடைய 8 காணிகளை மட்டும் எடுத்து, அவற்றுள் 2 மெய்யாயின எனக் கொண்டால், உழைத்தவனுக்குக் கிடைப்பது நூற்றுக்கு 25 வீதம். சோம்பேறிக்குக் கிடைப்பது சுழியம். இதுவே நேர்மையான மதிப்பு.

இரண்டாவது கணக்கு. முன்னைய படமும் பின்னைய படமும் தனித்தனி 85 வீதத் துல்லியம் உடையன. ஒன்றன் பிழை மற்றொன்றன் பிழையைச் சார்ந்ததன்று எனக் கொள்வோம். இரண்டு படங்களிலும் செம்மையாகக் குறிக்கப்பட்ட இடம் 85ஐ 85ஆற் பெருக்க வருவது, அஃதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 72 வீதம். எஞ்சிய 28 வீதத்தில் ஒரு படமேனும் பிழையானது. உண்மையில் மாறியதோ 5 வீதம். இரு படங்களையும் ஒப்பிட்டுக் காணப்படும் மாற்றத்திலே மெய்ம்மாற்றம் எவ்வளவு, படம் வரைந்தவன் தடுமாற்றம் எவ்வளவு எனப் பிரித்தறிதல் அரிதன்றோ?

மூன்றாவது, வகுப்பைச் சேர்த்தலால் வருவது. 100 இடங்களைச் சோதித்ததில் 20 பிழைகள் காணப்பட்டன. அவற்றுள் 12 வயலையும் தோட்டத்தையும் மாறிக் குறித்தமையால் வந்தவை எனக் கொள்வோம். வயலையும் தோட்டத்தையும் சேர்த்துப் பயிர்நிலம் என ஒரே வகுப்பாக்கிவிட்டால் அப்பன்னிரண்டும் மறைந்து, துல்லியம் 80இலிருந்து 92 ஆக உயரும். அறிவு சற்றேனும் வளர்ந்ததா? வளரவில்லை. வயலாயிருந்த நிலம் வெங்காயத் தோட்டமாகி, கிணற்று நீரை இறைத்து வற்றச் செய்யும் மாற்றம் அப்படத்தில் இனி எக்காலத்தும் தோன்றாது. பிழையோடு உண்மையும் அழிக்கப்பட்டது.

இக்குறைகளை அறிஞர் அறியாதாரல்லர். 1960இல் யேக்கப் கோகன் என்னும் உளவியலாளர் அமைத்த கப்பா என்னும் சுட்டெண், தற்செயலாக நேரும் பொருத்தத்தைக் கழித்துக் காட்டும் எனக் கருதப்பட்டுப் படச்சோதனையிலே பலகாலம் ஆண்டது. 2011இல் கில்மோர் பொன்ரியசும் மார்க்கோ மில்லோன்சும் அதனைக் கைவிடுமாறு வற்புறுத்தினர். எவ்வளவு என்பதிலுள்ள பிழையையும் எவ்விடம் என்பதிலுள்ள பிழையையும் தனித்தனி கூறுவதே பயனுடையது என்பது அவர்தம் வாதம். அதற்கு முன்னரே, 2008இல், பொன்ரியசும் பலநாட்டு அறிஞரும் சேர்ந்து 13 மாதிரியுருப் பயன்பாடுகளைச் சோதித்து வெளியிட்டிருந்தனர். மூலப் படங்களின் நுண்ணளவில் நோக்கியபோது, அப்பதின்மூன்றுள் 12இல் செம்மையாகக் கணிக்கப்பட்ட மாற்றத்தினும் பிழையே மிகுந்திருந்தது. தம் துறையின் குறையைத் தாமே எண்ணிக் காட்டிய இச்செயல் பாராட்டத்தக்கது.

இலங்கையின் சான்று

வகுப்பு என்பது படத்தில் நிறம் தீட்டுவோரின் தொல்லை மட்டுமே எனக் கருதுவோர் நம் நாட்டு வரலாற்றை நோக்குதல் வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், காடாகவும் தரிசாகவும் குடியிருப்பற்றும் பயிரிடப்படாமலும் உள்ள நிலங்கள் யாவும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியன எனக் கொள்ளப்படும் என விதித்தது. பல ஆண்டு இடையிட்டுப் பயிரிடப்படும் சேனை நிலங்களையும் அது அவ்வகுப்புள் அடக்கிற்று. சேனை செய்வோன் காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் குரக்கனோ சோளமோ விளைத்து, நிலம் ஆறும்பொருட்டுப் பல ஆண்டு விட்டுவிடுவான். அவ்வோய்வும் அவன் வேளாண்மையின் ஒரு பகுதியே. ஓய்விலிருந்த நிலத்தைக் கண்ட சட்டம் அதனைத் தரிசு என்றது. நிறுவும் சுமை குடியானவன் தலையில் வீழ்ந்தது; எழுத்துச் சான்றில்லாதவன் தன் முன்னோர் நிலத்திலே அத்துமீறியவனானான். கோப்பிப் பயிர் பரவிய அக்காலத்தில் முடிநிலங்கள் தோட்டத்துரைமாருக்கு விலையாயின.

அன்டர்சனின் விதியோடு இதனை ஒப்பிடுக. ஆங்கு மரமில்லாத நிலம் காடெனப்பட்டது. ஈங்கு முறைவைத்துப் பயிர் விளைந்த நிலம் தரிசெனப்பட்டது. முன்னையதில் நிலத்துக்கு உடையவனின் கருத்து மதிக்கப்பட்டது, பின்னையதில் மதிக்கப்படவில்லை. இன்றைய செய்மதிப் படங்களும் இவ்விடர்ப்பாட்டிலிருந்து நீங்கியனவல்ல. சேனைக் காணி ஒன்று ஓராண்டிற் காடாகவும், மற்றோராண்டிற் பயிராகவும், பின்னர்ப் பற்றையாகவும் தோன்றும். மாதிரியுரு அதனை மும்முறை மாற்றம் எனக் கணக்கிடும். பயன்பாடோ தலைமுறை தலைமுறையாக ஒன்றே.

காட்டின் கணக்கிலும் இதுவே நிலை. 1956இல் எடுக்கப்பட்ட விமானப் படங்களைக் கொண்டு, இலங்கையின் பரப்பில் நூற்றுக்கு 44 வீதம் காடு எனக் கணிக்கப்பட்டது. 1992ஆம் ஆண்டு நிலைமையைக் காட்டும் செய்மதிப் படக் கணிப்பில் செறிந்த காடு ஏறக்குறைய 24 வீதம். ஐதான காட்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 31 வீதம். காடு குறைந்தது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு குறைந்தது என்பதற்கு 20 என்பதும் 13 என்பதும் விடைகளாக நிற்கின்றன. ஆண்டுதோறும் அழியும் வீதத்தைக் கணித்து எதிர்காலத்தைக் கூறும் மாதிரியுரு இவ்விரண்டுள் ஒன்றைத் தெரிந்தே ஆகவேண்டும்.

உலக அரங்கிலும் இத்தகையது நேர்ந்ததுண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம், மரக்கவிகை நிலத்தில் 20 வீதம் இருந்தாற் காடு என வளர்ந்த நாடுகளுக்கும், 10 வீதம் இருந்தாற் போதும் என ஏனைய நாடுகளுக்கும் முன்னர் விதித்திருந்தது. 2000ஆம் ஆண்டு மதிப்பீட்டில் எல்லார்க்கும் 10 வீதம் என ஒருமைப்படுத்திற்று. அதனால் அவுஸ்திரேலியாவின் காடு ஏறக்குறைய 4 கோடி எக்டேயரிலிருந்து 15 கோடிக்கு மேற்பட்டதாக ஏட்டில் உயர்ந்தது. ஒரு மரமும் புதிதாக நடப்படாமலே நிகழ்ந்த பெருக்கம் அது. இறப்பர்த் தோட்டங்களும் அம்மதிப்பீட்டிலே காடு என்னும் வகுப்பிற் சேர்க்கப்பட்டன. களுத்துறைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தைக் கண்டவர் எவரும் அதனைச் சிங்கராச வனத்தோடு ஒன்றாக எண்ணார்; ஏடு எண்ணும்.

நிறைவுரை

இதுகாறும் கூறியவற்றால், வகுத்தலே வேண்டா என்பது எம் கருத்தன்று. வகுக்காமல் எண்ண முடியாது. எண்ணாமல் காக்கவும் முடியாது. ஸ்ராம்பின் ஏழு வகுப்புகள் போர்க்காலத்தில் ஒரு நாட்டுக்குச் சோறூட்ட உதவின. அன்டர்சனின் ஒன்பது வகுப்புகள் ஒரு கண்டத்தை ஒருங்கே நோக்க உதவின. அவரவர் தத்தம் தேவைக்கு ஏற்ப வகுத்தனர். விதிகளை எழுதியும் வைத்தனர். அவ்விதிகளை வாசிக்காமல் எண்களை மட்டும் எடுத்தாள்வதிலேதான் தீங்கு விளைகின்றது.

ஆகவே நிலமாற்றத்தைப் பற்றிய எண் ஒன்றைக் காணும் மாணவர், எந்த வகுப்பிலே, எந்த அளவிலே, எந்த ஆண்டிலிருந்து தொடங்கி இவ்வெண் பெறப்பட்டது எனக் கேட்பாராக. யாதும் மாறாது என்று கூறியவனுக்கு எத்தனை புள்ளி கிடைத்திருக்கும் எனவும் கேட்பாராக. எல்லாவற்றுக்கும் மேலாக, அவ்வகுப்பினால் பெயரிழந்தவர் யார் எனக் கேட்டல் வேண்டும். 1840இல் அவ்வினாவைக் கேட்க எவருமிருந்திலர்.

பனங்காணியைப் பற்றிய பூசலை யாம் அன்று தீர்க்கவில்லை. மூன்று படங்களையும் வகுப்பறைச் சுவரிலே பக்கம் பக்கமாகத் தொங்கவிட்டு, ஒவ்வொரு குழுவும் தான் கொண்ட விதியைப் படத்தின் ஓரத்திலே இரண்டு வரியில் எழுதுமாறு கூறினோம். ஒரு மாணவன் நான்காவது படமொன்றை வரைந்துவந்தான். அதில் அக்காணி எவ்வகுப்பிலும் சேராமல், காணிக்காரர் கூறியவாறே வளவு எனக் குறிக்கப்பட்டிருந்தது. அப்படத்தையும் அருகிலே தொங்கவிட்டோம்.